கரிப்பசை பிறந்த கதை

1895-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்தில் லூட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவருக்கு ஒரு சந்தேகம் தட்டியது. சாயத் தொழிற்சாலையில் ஃபுக்சின் என்ற செஞ்சாயம் காய்ச்சும் பிரிவில் வேலை பார்த்தவர்கள் சிலர் சிறுநீரில் ரத்தம் போகிறது என்று அவரிடம் வந்தார்கள். சோதித்துப் பார்த்தால் சிறுநீர்ப்பையில் கட்டி. ஒரே பட்டறையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரே இடத்தில் கட்டி வருவது தற்செயலாக இருக்க முடியாது என்று அவர் எழுதினார். மறு ஆண்டே கத்திக்குத்துப்பட்ட ஓர் இளைஞனின் இதயத்தைத் தைத்து அவனைப் பிழைக்க வைத்தார். மனித இதயத்தில் போட்ட தையல் பலித்தது அதுதான் முதல் முறை. உலகம் அந்தத் தையலைக் கொண்டாடியது. சாயப்பட்டறைக்காரர்களின் கட்டியை மெல்ல மறந்தது. ரேன் அனிலீன் மீது பழி போட்டிருந்தார். உண்மையான கொலையாளிகள் அதன் உறவுக்கார மூலக்கூறுகள். அவை அப்போது பிடிபடவில்லை.

காலப்போக்கில் சந்தேகம் பென்சிடின், 2-நாஃப்தைலமீன் என்ற இரண்டு பொருள்களின் மேல் விழுந்தது. 1921-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இரண்டையும் பெயர் சொல்லியே குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பட்டறையை விட்டு வெளியேறி வாய்க்காலில் கலந்த பென்சிடினைத் தேடிப் பிடிப்பது எப்படி? ஆயிரம் பொருள்கள் கரைந்து கிடக்கும் கழிவுநீரிலிருந்து அதை மட்டும் தனியே பிரிக்க ஒரு வழி வேண்டும். பிரித்த பிறகு, கண்ணுக்கே தெரியாத அந்தத் துளியை உணர இன்னொரு வழி வேண்டும். முதல் வழி அதற்கு முன்பே பிறந்திருந்தது. ஆனால் அதைப் பெற்றவரைத் தவிர யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் மிகயில் ஸ்வெட். இத்தாலியில் பிறந்து ஸ்விட்சர்லாந்தில் வளர்ந்து, ரஷ்யப் பேரரசின் ஆட்சியிலிருந்த வார்சாவில் தாவரவியல் கற்பித்தவர். 1903 மார்ச்சில் அந்த நகரத்து இயற்கையியலாளர் சங்கத்தில் தன் சோதனையை விளக்கினார். கண்ணாடிக் குழாய் ஒன்றில் சுண்ணாம்புத் தூளை இறுக்கி நிரப்பி, இலைச் சாற்றை மேலே ஊற்றி, கரைப்பானை விட்டுக் கீழே இறங்க வைத்தார். ஒரே பச்சையாகத் தெரிந்த சாறு இறங்க இறங்கப் பிரிந்தது. பச்சையிலேயே இரண்டு வளையம், அவற்றோடு மஞ்சள் வளையங்கள். தூளோடு அதிகம் ஒட்டும் பொருள் பின்தங்கியது, ஒட்டாதது முந்தியது, சூட்சுமம் அவ்வளவுதான். 1906-இல் இதற்குக் குரோமட்டோகிராஃபி என்று பெயரும் வைத்தார். பச்சையத்தில் அன்று பெரிய பெயராக இருந்த ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் இந்த முறையை நம்பவில்லை. முதல் உலகப் போரில் வார்சா கைமாறியது. ஸ்வெட் ஊர் ஊராக அலைந்து 1919-இல் வொரோனெஷில் 47 வயதில் காலமானார். அவரோடு அந்தக் குழாயும் புதைந்தது என்றே அன்றைக்கு யாரும் நினைத்திருப்பார்கள்.

அவர் இறப்பதற்கு ஓராண்டு முன்பு, பிராகில் ஒரு முனைவர் பட்டத் தேர்வு நடந்தது. தேர்வு எழுதியவர் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி. எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியர் போஹுமில் குசெரா, தன்னை நெடுநாளாகக் குடைந்த ஒரு புதிரை எடுத்துப் போட்டார். மெல்லிய குழாயிலிருந்து சொட்டும் பாதரசத் துளியின் எடை, மின்னழுத்தத்தை மாற்ற மாற்ற ஏன் எதிர்பார்த்தபடி மாறுவதில்லை? பதில் தெரியாத கேள்வி இளைஞரைப் பிடித்துக்கொண்டது. தேர்வு முடிந்ததும் குசெராவின் ஆய்வகத்திலேயே பாதரசத் துளிகளைச் சேகரித்து எடை போடத் தொடங்கினார். சலிப்பூட்டும் வேலை. ஒரு வளைகோடு வரைய மணிக்கணக்கில் துளி எண்ண வேண்டும். 1921-இல் குசெராவும் போய்ச் சேர்ந்தார். கேள்வி கேட்டவர் இல்லை, பதிலும் கிடைக்கவில்லை.

1922 பிப்ரவரி 10. துளிகளை எடை போட்டு அலுத்த ஹெய்ரோவ்ஸ்கி, துளியின் வழியே ஓடும் மின்னோட்டத்தையே அளந்துவிடலாமே என்று ஒரு கால்வனோமீட்டரை இணைத்தார். மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டினார். மின்னோட்டம் நேர்கோட்டில் ஏறவில்லை. படிக்கட்டு போல ஏறியது. கரைசலில் இருந்த ஒவ்வொரு பொருளும் தனக்கென ஒரு மின்னழுத்தத்தில் வினைபுரிந்து ஒரு படியைப் போட்டது. படி எந்த வோல்ட்டில் வருகிறது என்பது பொருளின் அடையாளம்; எவ்வளவு உயரம் என்பது அதன் அளவு. குசெராவின் துளி-எடைப் புதிர் ஓரமாக ஒதுங்கிவிட்டது. அதற்குப் பதிலாகக் கிடைத்தது, கரைசலில் கரைந்திருப்பதை மின்சாரத்தால் படிக்கும் ஒரு புது வித்தை. போலரோகிராஃபி என்று பெயர் பெற்ற அதற்காக 1959-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் வித்தைக்கு ஒரு குறை இருந்தது. கலவையில் பத்துப் பொருள் இருந்து, அவற்றின் படிகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் எல்லாம் குழம்பிப் போகும்.

குழப்பத்தைத் தீர்த்தவர் ஹெய்ரோவ்ஸ்கியிடம் பயின்று திரும்பிய போலந்துக்காரர், விக்டர் கெமுலா. 1931-இல் ஹைடெல்பர்க்கில் எட்கர் லெடரர் கேரட்டின் நிறமிகளைப் பிரிக்க ஸ்வெட்டின் முறையைத் தூசி தட்டி எடுத்த பிறகு, அந்தக் குழாய் உலகெங்கும் ஆய்வகங்களில் ஏறியிருந்தது. 1952-இல் கெமுலா ஒன்று செய்தார். குழாயின் வாயிலிருந்து வெளியேறும் திரவத்தை நேராகப் பாதரசத் துளியின் மேல் பாயவிட்டார். முதலில் பிரி, பிறகு மின்சாரத்தால் படி. வேலை செய்தது. அவர் இதைச் செய்தது வார்சாவில். ஸ்வெட் தன் சுண்ணாம்புக் குழாயைத் தூக்கிக் காட்டிய அதே ஊரில், அரை நூற்றாண்டுக்குப் பிறகு, இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமாகி மறுபடி எழுந்துகொண்டிருந்த நகரத்தில். அறிவியல் வரலாற்றில் இப்படி ஒரே ஊரில் இரண்டு முனைகளும் வந்து சேர்வது அபூர்வம். இத்தோடு கதை முடிந்திருக்கலாம். பாதரசம் காலை வாரிவிட்டது.

பாதரசம் எலக்ட்ரானைக் கொடுக்கும் வேலைக்குச் சிறந்தது. வாங்கும் வேலைக்கு உதவாது. நேர்மின்னழுத்தம் 0.4 வோல்ட்டை எட்டுவதற்குள் பாதரசமே ஆக்சிஜனேற்றம் அடைந்து கரையத் தொடங்கிவிடும். ஃபீனால்கள், நறுமண அமீன்கள் போன்றவற்றிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்க வேண்டுமானால் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டியாக வேண்டும். பென்சிடினும் அந்த அமீன் குடும்பத்துப் பிள்ளைதான். ஆக, தேட வேண்டிய விஷங்களில் பெரும்பாலானவை பாதரசத்தின் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. தங்கமோ பிளாட்டினமோ வைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் அவற்றின் மேற்பரப்பு ஒவ்வொரு சோதனைக்கும் மாறிக்கொண்டே இருந்தது. நேற்றைய அளவு இன்று வரவில்லை. பாதரசத்தின் பெரிய வரமே ஒவ்வொரு துளியும் புத்தம் புதிது என்பது. அந்த வரத்தையும் விடாமல், நேர்மின் பக்கமும் போக ஒரு பொருள் வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஆடம்ஸ் அதற்கு ஒரு யோசனை வைத்திருந்தார். கார்பன் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையாது. கிராஃபைட் தூளைத் திரவத்தில் கலக்கி, பாதரசம் சொட்டுவது போலவே சொட்ட வைத்தால்? ஒவ்வொரு துளியும் புதிது, பாதரசத்தின் எல்லையும் இல்லை. காகிதத்தில் அற்புதமான திட்டம். செய்து பார்த்தபோது படுதோல்வி. தண்ணியாக இருந்த கார்பன் கலவையால் மின்முனையாக நடந்துகொள்ள முடியவில்லை. தூளைக் கூட்டிக் கெட்டியாக்கினால் சொட்டவே இல்லை. துவையல் பதத்துக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. சொட்டும் கார்பன் என்ற கனவு அங்கேயே செத்தது.

சொட்டாத அந்தப் பசையைத் தூக்கி எறியாததுதான் இந்தக் கதையின் பெரிய அதிர்ஷ்டம். சிறு குழி ஒன்றில் பசையை அடைத்து, அடியில் கம்பி தொடுத்து, மேற்பரப்பைக் காகிதத்தில் தேய்த்து வழவழப்பாக்கிப் பார்த்தார்கள். மின்னோட்டம் சீராக வந்தது. பின்னணி இரைச்சல் மிகக் குறைவு. மேற்பரப்பு கெட்டுப்போனால் மேலடுக்கை வழித்துவிட்டுப் புதுப் பசை அப்பித் தேய்த்தால் போதும், சில நிமிடத்தில் புது மின்முனை. துளி தரவேண்டிய புதுமையைப் பசையே தந்துவிட்டது. 1958-இல் ஆடம்ஸ் இதைச் சிறு குறிப்பாக வெளியிட்டார். முதலில் புரோமோஃபார்மில் குழைத்தவர்கள் சீக்கிரமே நூஜாலுக்கு மாறினார்கள். அது மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்ற கனிம எண்ணெய். பென்சில் முனைக் கரியும் பேதி எண்ணெயும் கலந்த இந்தப் பசை, விலை உயர்ந்த உலோகங்களால் முடியாததைச் செய்தது. இனி ஃபீனாலையும் அமீனையும் நோக்கி அது நேராகப் போயிருக்க வேண்டும். போனது வேறு திசையில்.

ஆடம்ஸின் மனம் அறுபதுகளில் மூளையின் பக்கம் திரும்பியது. அட்ரினலின் ஆக்சிஜனேற்றம் அடைந்து உண்டாகும் பொருள்தான் மனச்சிதைவு நோய்க்குக் காரணமோ என்ற பேச்சு அந்நாளில் இருந்தது. ஆக்சிஜனேற்றம் என்றால் அது மின்வேதியியலாளரின் வீட்டு விவகாரம். அட்ரினலின், நார்அட்ரினலின், டோபமைன் மூன்றும் எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் மூலக்கூறுகள். அவை எப்படி ஆக்சிஜனேற்றம் அடைகின்றன என்று அவரும் மாணவர்களும் 1967-இல் விளக்கினார்கள். பிறகு ஆடம்ஸ் இன்னும் துணிச்சலான ஒன்றைக் கேட்டார். மூளையில் டோபமைன் சுரக்கும் இடத்திலேயே கரிப்பசையை இறக்கினால், அது சுரப்பதை உடனுக்குடன் மின்னோட்டமாகப் பார்க்கலாமே?

மெல்லிய டெஃப்லான் குழாயின் நுனியில் பசையை அடைத்து எலியின் மூளைக்குள் இறக்கினார்கள். மின்னழுத்தத்தைக் கூட்டியதும் வளைகோட்டில் ஒரு மேடு எழுந்தது. உயிருள்ள மூளைக்குள்ளிருந்து வந்த வேதிச் சைகை! பீட்டர் கிஸ்ஸிங்கர் என்ற இளம் ஆய்வாளரும் சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரை 1973-இல் வெளிவந்தது. அந்த மேடு யாருடையது என்ற கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

அது பெரும்பாலும் டோபமைன் அல்ல. வைட்டமின் சி. மூளைத் திரவத்தில் அஸ்கார்பிக் அமிலம் டோபமைனைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் இருக்கிறது. அதுவும் அதே மின்னழுத்தத்தை ஒட்டி எலக்ட்ரானை விடுகிறது. சந்தைக்கடை இரைச்சலில் ஒருவரின் முணுமுணுப்பைக் கேட்க முயன்ற கதை ஆகிவிட்டது. ஹெய்ரோவ்ஸ்கியின் படிகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்த அதே பழைய தொல்லை, இப்போது மூளைக்குள். தீர்வும் பழையதுதான்: முதலில் பிரி, பிறகு படி. மூளையில் நேராக அளக்கும் ஆசையை ஓரமாக வைத்துவிட்டு, திசுவை அரைத்து, சாற்றை நெடுக்குழாயில் அனுப்பி, வெளிவரும் இடத்தில் மின்முனையை வைக்க வேண்டும். நல்லவேளையாக, உயரழுத்தப் பம்புகளோடு குழாய் முறை அந்த நாள்களில்தான் புதுப்பிறவி எடுத்திருந்தது. ஆனால் குழாயிலிருந்து ஒழுகுவது சில மைக்ரோலிட்டர். அவ்வளவு குறைந்த திரவத்தைப் பசையின் மேல் எப்படி ஓட விடுவது?

இரண்டு பிளாஸ்டிக் கட்டைகள். ஒன்றில் பசை அடைத்த சிறு குழி. இரண்டுக்கும் நடுவே வாய்க்கால் வெட்டிய ஒரு மெல்லிய டெஃப்லான் தாள். திருகி இறுக்கியதும் தாளின் கனமே வாய்க்காலின் ஆழம் ஆனது. உள்ளே கொள்ளளவு ஏறக்குறைய ஒரு மைக்ரோலிட்டர். திரவம் அந்தச் சந்தில் பசையை உரசிக்கொண்டு ஓடியது. மின்னழுத்தத்தை ஓர் அளவில் நிறுத்தி வைத்தார்கள். அந்த அளவுக்குள் எலக்ட்ரானை விடக்கூடிய பொருள் கடக்கும்போது மட்டும் மின்னோட்டம் குதித்தது. விடாத பொருள்கள் சத்தமில்லாமல் கடந்து போயின. புற ஊதா விளக்கால் பார்த்தால் எல்லாமே தெரிந்து தொலைக்கும். இந்தக் கரிப்பசை தனக்கு வேண்டியவர்களை மட்டும் அடையாளம் கண்டது. 1973-இல் வெளிவந்த கட்டுரையின் தலைப்பிலேயே ஆய்வாளர்கள் பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள்: பிகோகிராம் உணர்திறன். ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. மறு ஆண்டு கிஸ்ஸிங்கர் இதை விற்பனைக் கருவியாக்க ஒரு நிறுவனம் தொடங்கினார். மூளை ஆய்வகங்கள் வாங்கின. அவற்றைத் தாண்டி வேறு யாருக்கு இது தேவைப்படும்?

தண்ணீர்க்காரர்களுக்குத் தேவைப்பட்டது. குடிநீரில் ஃபீனால் இருந்து அதில் குளோரின் சேர்ந்தால் குளோரோஃபீனால் உண்டாகி மருந்து நாற்றம் அடிக்கும். அவற்றுள் 2,4-டைகுளோரோஃபீனாலை லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம் அளவிலேயே நாக்கு கண்டுபிடித்துவிடும். ஆய்வகங்களோ அமினோஆன்டிபைரின் என்ற பொருளைச் சேர்த்து, எழும் சிவப்பு நிறத்தை வைத்து எல்லா ஃபீனாலையும் ஒரே எண்ணாகச் சொல்லிக்கொண்டிருந்தன. பாரா-கிரெசால் போன்ற சிலவற்றை அந்தச் சோதனை பார்க்கவே இல்லை. நாக்கு அறிந்ததைக் கருவி அறியாத நிலை. ஃபீனால் வளையமும் டோபமைனின் வளையமும் வேதியியலில் நெருங்கிய சொந்தம். ஒன்றை உணரும் கரிக்கு மற்றொன்றை உணரத் தடை இல்லை. இது ஆய்வாளர்களுக்கு உறைக்கத் தொடங்கிய அதே நேரத்தில் ஒரு நீதிமன்றம் குறுக்கே வந்தது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தத் தாமதிக்கிறது என்று தொடர்ந்த வழக்கில் 1976-இல் சமரசத் தீர்வு வந்தது. அதிலிருந்து 129 முதன்மை மாசுகளின் பட்டியல் பிறந்தது. ஐந்தாம் இடத்தில் பென்சிடின். ஒவ்வொன்றையும் கழிவுநீரில் அளக்க ஒரு முறை எழுதியாக வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு வாயுக் குரோமட்டோகிராஃபி போதுமானதாக இருந்தது. பென்சிடின் மட்டும் முரண்டு பிடித்தது. பிரித்தெடுத்த கரைப்பானைச் சுண்ட வைக்கும்போதே காற்றிலுள்ள ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைப் பறிகொடுத்துப் பாதி மறைந்துபோகும். தண்ணீரில் கொஞ்சம் குளோரின் மிச்சமிருந்தாலும் அழிந்துவிடும். எலக்ட்ரானைச் சுலபமாகப் பறிகொடுக்கும் இந்தக் குணம் வேதியியலாளர்களைத் திணறடித்தது. ஆனால் எலக்ட்ரானைப் பறிப்பதையே தொழிலாகக் கொண்ட கருவி ஒன்று எலிகளின் மூளைச் சாற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததே!

1979-இல் முன்மொழியப்பட்டு 1984 அக்டோபர் 26-இல் சட்ட வடிவம் பெற்றது முறை எண் 605. ஒரு லிட்டர் கழிவுநீரைக் குளோரோஃபார்மில் பிரித்து, அமிலத்துக்கு மாற்றி, மறுபடி குளோரோஃபார்முக்குக் கொண்டுவந்து, மெத்தனாலில் சுருக்கி, திரவக் குரோமட்டோகிராஃபியில் ஏற்ற வேண்டும். வெளிவருவதை அளக்க மின்வேதி உணர்கருவி, 0.8 வோல்ட்டில். பசையின் இடத்தில் கண்ணாடி போல் வழவழப்பான கார்பன் வில்லை வந்திருந்தது. கரைப்பானில் பசையின் எண்ணெய் கரைந்துவிடும் என்பதால் அந்த மாற்றம். லிட்டருக்கு 0.08 மைக்ரோகிராம் பென்சிடினைக்கூட அது பிடித்தது. முறையை எழுதியவர்களின் கவனத்துக்கு ஒரு சிறு சான்று: 1,2-டைஃபினைல்ஹைட்ரசீன் என்ற வேறொரு மாசு தண்ணீரில் இருந்தால் அதுவே உருமாறிப் பென்சிடின் ஆகிவிடும். செய்யாத குற்றத்துக்குத் தொழிற்சாலை மாட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க, மாதிரியின் அமிலத்தன்மையை எடுத்த எடுப்பிலேயே pH 4.0-இல் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அதே நாளில் சட்டமான நிறைமாலைமானி முறை 625-இலும் பென்சிடின் இடம்பெற்றது. ஆனால் சுண்டவைக்கும்போது அது அழியக்கூடும் என்ற எச்சரிக்கையோடு.

கரிவில்லைக்கும் தலைவலி இல்லாமல் இல்லை. எலக்ட்ரானை இழந்த ஃபீனால்கள் ஒன்றோடொன்று பிணைந்து வில்லையின் மேல் பிசின் போலப் படிந்துவிட்டன. அளவு நாளுக்கு நாள் இறங்கியது. பாதரசத் துளி கொடுத்து வந்த புது மேற்பரப்பின் அருமை அப்போதுதான் தெரிந்தது. அலுமினாத் தூளில் தேய்த்து மெருகேற்றுவது ஒரு வழி. 1981-இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ஜான்சன் இன்னொரு வழி காட்டினார். பிளாட்டினம் மின்முனையின் மின்னழுத்தத்தை நொடிக்குள் மேலும் கீழும் தட்டி, படிந்ததை எரித்துக் கழுவி, மறுபடி அளக்க வைத்தார். அது சர்க்கரைகளுக்குப் பெரிதும் பயன்பட்டது. ஃபீனால்களுக்கு இன்றும் மெருகேற்றும் வேலை தொடர்கிறது.

சாயம் காய்ச்சும் உலைகள் இதற்குள் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு நகர்ந்திருந்தன. 1993-இல் இந்தியா பென்சிடினை அடிப்படையாகக் கொண்ட 42 சாயங்களைத் தடை செய்தது. 1994-இல் ஜெர்மனி, உடலில் படும் துணியின் சாயம் சிதைந்து பென்சிடின் உள்ளிட்ட அமீன்களை வெளியிட்டால் அந்தத் துணியை விற்கக் கூடாது என்றது. திருப்பூரின் பின்னலாடை முதலாளிகள் ஒரே இரவில் சாயப் பெயர்களையும் வேதிப் பெயர்களையும் மனப்பாடம் செய்ய வேண்டி வந்தது. 1997-இல் இந்தியா மேலும் 70 அசோ சாயங்களைச் சேர்த்து, மொத்தம் 112 ஆக்கியது. துணிச் சோதனையில் சோடியம் டைதயோனைட்டால் சாயத்தை உடைத்து, வெளிவரும் அமீன்களைக் குரோமட்டோகிராஃபியில் பிரிக்கிறார்கள். குழாயின் வாசலில் நிற்பது பெரும்பாலும் ஒளியுணர் கருவியோ நிறைமாலைமானியோதான். துணிக்கு அது போதும். ஏனென்றால் அங்கே வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராம். அதே சாயம் கரைந்த கழிவுநீரில் 605-ஆம் முறை தேடும் அளவு அதைவிட மூன்றே முக்கால் லட்சம் மடங்கு குறைவு.